ஆய்வாளர் வாங்கிய மஞ்சள் கார்

லிஃப்ட் ஆய்வாளர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்று சொன்னால் அவரைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் தகுதிச் சான்று எழுதுகிறவர் அவர். எழுதுகிறவர் என்பதைவிட எழுத மறுக்கிறவர் என்பதுதான் சரி. நீதிமன்றத்து லிஃப்டில் கதவு மூடும்போது 'க்ளுக்' என்று ஏதோ கேட்கிறது என்பதற்காக நீதிபதிகளை மூன்று மாதம் படியேற வைத்த மனிதர். சொந்தக் குடியிருப்பையும் விட்டுவைக்கவில்லை. அந்த லிஃப்டின் கம்பிவடத்தில் எட்டு இழை நைந்திருப்பதைக் கண்டுபிடித்து, தானே பூட்டி, தானே சீல் வைத்து, ஆறாவது மாடிக்குத் தானும் பதினான்கு மாதம் படியேறினார். காய்கறிப் பையோடு அவர் மனைவியும் ஏறினாள். அந்தக் கட்டடத்தில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியவர்கள் தரைத்தளத்துக்காரர்கள் மட்டும்தான்.

இதில் இன்னொரு விசேஷம், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஓட்டத் தெரிந்தவள் அவர் மனைவி. நகரப் பேருந்து டிரைவர். பன்னிரண்டு மீட்டர் நீள பஸ்ஸை ஒற்றைக் கையால் சந்துக்குள் திருப்புவாள். ஆனால் அந்த பஸ்ஸில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள். ஐம்பதைத் தொட்டால் வண்டி தானாகவே அடங்கிவிடும். பத்தொன்பது வருடம் ஐம்பதுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறாள், அதுவும் நானூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம். ஒரு சாயங்காலம் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"இந்தக் கால் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல அழுத்தினதே இல்லைங்க. ஒரே ஒரு தடவை முழுசா அழுத்திப் பாக்கணும். அப்புறம் செத்தாக்கூடப் பரவாயில்லை."

"அப்புறம் எதுக்குச் சாகணும்?" என்றார் ஆய்வாளர் பதறிப்போய்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். மனுஷன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த மாதமே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றார்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்கில் வேறு இடம் இல்லாததால் நோயாளி நாற்காலியிலேயே இவரைச் சாய்த்து உட்கார வைத்து, விளக்கைக்கூட அணைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"மறைச்சு விக்கறது எனக்குப் பிடிக்காது. இந்த மாடலுக்கு இன்ஜின்ல ஒரு பேரிங் தகராறு உண்டு. உலகத்துக்கே தெரியும். போகலாம், போகாமலும் இருக்கலாம். அறுபதாயிரம் கிலோமீட்டர்ல போனதும் இருக்கு, ரெண்டு லட்சம் ஓடினதும் இருக்கு. போனா இன்ஜினோட போச்சு."

"போறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் குடுக்குமா?"

"மனசிருந்தா குடுக்கும்."

சொல்லிவிட்டு ஒரு ஃபைலை நீட்டினார். பற்களுக்குப் படம் போட்டுக் குறிப்பது போலவே காருக்கும் படம் போட்டு, எங்கே எண்ணெய் கசியும், எங்கே ரப்பர் வெடித்திருக்கிறது, எந்தக் கதவு மழையில் மக்கர் பண்ணும் என்று அறுபத்தோரு குறிப்புகள் எழுதியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடியிருப்பார்கள். நம் ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவன்கூடத் தன் இயந்திரத்தின் குறையைத் தானாக ஒப்புக்கொண்டதில்லை. அவர் விழுந்தது காரைப் பார்த்து அல்ல, அந்த ஃபைலைப் பார்த்துத்தான். காரின் நிறம் மஞ்சள் என்பதையே டாக்டர் அதைக் கொண்டுவந்து குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிறுத்தியபோதுதான் கவனித்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தாள். காரைப் பார்த்தாள். கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூரையில் கை வைத்தாள், விளக்கைத் தடவினாள், உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினாள்.

"ஆய்வு முடியட்டும்," என்றார் ஆய்வாளர். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்டார்.

மறுநாள் கார்மேல் ஒரு பலகை தொங்கியது: 'ஆய்வில் உள்ளது. பயன்படுத்தக் கூடாது.' அதற்கடுத்த நாள் கதவில் பித்தளைத் தகடு ஒன்று ஏறியது: 'இருவர். 136 கிலோ.' லிஃப்டுகளுக்கு ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. ஆய்வாளருக்கு வேறு கணக்கு தெரியாது.

மனைவி தகட்டைப் படித்தாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்தா நூத்தம்பது வருமே."

"அதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

"யாரு இளைக்கணும்கறீங்க?"

ஆய்வாளர் வாயே திறக்கவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது, கார் மட்டும் ஓடவில்லை. சனிக்கிழமைதோறும் மெக்கானிக் வருவார். கெட்ட செய்தியைக்கூடக் குழந்தை பிறந்த செய்தி மாதிரிச் சொல்லும் சாந்தமான மனிதர். அவர் கொஞ்சம் இன்ஜின் எண்ணெயை உறிஞ்சிச் சின்ன பாட்டிலில் பிடித்துக் கொடுப்பார். ஆய்வாளர் அதில் தேதி எழுதிச் சமையலறை அலமாரியில் வரிசையாக அடுக்குவார். பிறகு காந்தத்தால் ஒவ்வொன்றையும் தடவி உலோகத்தூள் ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்ப்பார். ஒரு தடவை ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், ஏதோ தைலம் என்று நினைத்து அதிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "பதினேழாம் தேதி போட்டது நல்லாக் கேக்குது. அதுலயே இன்னொண்ணு இருந்தா குடுங்க," என்றார். ஆய்வாளர் அதையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கீழே போய் இன்ஜினை ஸ்டார்ட் செய்வது அவர் வழக்கமாயிற்று. ஓட்டத் தெரியாதவருக்கு ஸ்டார்ட் செய்ய மட்டும் மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருந்தார். லிஃப்டை நாள் கணக்கில் சும்மா விட்டால் கெட்டுவிடும், காலையில் ஆளில்லாமல் இருபது நிமிடம் இயக்கிவிட வேண்டும். இது லிஃப்ட்காரர்களின் பாடம். டாக்டரின் ஃபைலிலும் முப்பத்தெட்டாவது குறிப்பாக, காரை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள் என்று இருந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் ஆய்வாளருக்குப் பரம சந்தோஷம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பானெட்டில் கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் கேட்பார். கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும்.

டிப்போவுக்குக் கிளம்பும் மனைவி அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். ஒருநாள் நின்றாள்.

"ஏங்க, இப்படி நிக்க வச்சே உறும விடாதீங்க. ஓடற ஜாதிங்க அது."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"எப்பதான் குடுப்பீங்க?"

"நாப்பத்திநாலு குறிப்பு முடிஞ்சாச்சு. இன்னும் பதினேழுதான்."

அவள் காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பஸ் ஓட்டப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்தது ஆய்வாளரை அரித்தது. ஆனால் ஒரு லிஃப்டை அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். அதுவும் உள்ளே உட்காரப் போவது யார்? அறுபத்தோரு குறிப்பும் முடியட்டும், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் மூன்றாவது சனிக்கிழமை எடுத்த எண்ணெயில் காந்தத்தை வைத்தார். காந்தம் மினுமினுவென்று மின்னியது.

மெக்கானிக் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, தகர டப்பாவைத் திறப்பது போல அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத்தாளை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். தாள் முழுக்க வெள்ளிப் பொடி.

"பேரிங்தான் சார்," என்றார் புன்னகையோடு. "கரைய ஆரம்பிச்சிருச்சு."

"தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! ஒரு நாள்கூட விடாம இருபது நிமிஷம் ஓடவிட்டேனே!"

மெக்கானிக்கின் புன்னகை முதல் முறையாகக் கொஞ்சம் சுருங்கியது. "நிக்க வச்சா?"

"நிக்க வச்சுத்தான்."

"சார்... இந்த இன்ஜின் வேகமா சுத்தினாத்தான் அந்த பேரிங்குக்கு எண்ணெய் போகும். நின்ன இடத்துல மெதுவா ஓடினா காய்ஞ்சே கிடக்கும். நீங்க தினம் இருபது நிமிஷம் பட்டினி போட்டு வேலை வாங்கியிருக்கீங்க."

ஆய்வாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு நாளும் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரக்கூடாது என்று உயிரை விட்டுக் காவல் காத்தவர். அவர் கண்கொத்திப் பாம்பாகக் காத்ததுதான் அதைக் கொன்றிருக்கிறது. இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

"இன்னும் எவ்வளவு ஓடும்?"

"மெதுவா ஓட்டினாலும் வேகமா ஓட்டினாலும் முப்பது கிலோமீட்டர். நாப்பது வந்தா அதிர்ஷ்டம். வேற இன்ஜின் தேடலாம். ரெண்டு வருஷமா ஒருத்தர் தேடிக்கிட்டே இருக்கார்."

"போகும்போது உள்ளே இருக்கறவங்களுக்கு ஏதாவது ஆகுமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"காலி ரோடா இருந்தா ஒண்ணும் ஆகாது. இன்ஜின் நின்னுடும், ஸ்டீயரிங் கனமாயிடும், பிரேக்கை ரெண்டு காலாலயும் மிதிக்கணும். அக்காவுக்கு அதெல்லாம் தூசு. இன்ஜின்தான் போகும் சார், ஆள் போக மாட்டாங்க."

திங்கட்கிழமை ஆய்வாளருக்கு ஒரு புது அலுவலகக் கட்டடத்தில் வேலை. பதினெட்டு மாடி. மதியம் உச்சியில் உள்ள மோட்டார் அறையில், புது கிரீஸ் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்து மனைவி கட்டிக் கொடுத்தது. சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே லிஃப்ட் மோட்டார் புத்தம்புதிதாகச் சுழன்றது. அதில் ஒரு குறையும் இல்லை. எவனெவனோ பதினெட்டு மாடி ஏறி இறங்கப் போகிறான், அவனுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுகிறேன், இவளுக்கு நான் என்ன செய்தேன், பதினான்கு மாதம் படியேற வைத்தேன், என்று நினைத்தார்.

பையிலிருந்து வெற்றுச் சான்றிதழ்த் தாள் ஒன்றை எடுத்தார். 'லிஃப்ட்' என்பதை அடித்துவிட்டு 'கார்' என்று எழுதினார். எண் எழுதினார், நிறம் எழுதினார். 'குறைகள்' என்ற கட்டத்தில் வந்து பேனா நின்றது. டப்பாவில் சோறு காய்ந்துபோகும்வரை நின்றது. கடைசியில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்று சாயங்காலம் தாளையும் சாவியையும் மனைவியிடம் கொடுத்தார். அவள் தாளை நிதானமாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஆய்வாளர் குழாயைத் திறந்து முகம் கழுவப் போய்விட்டார்.

"ஞாயித்துக்கிழமை டிப்போ பயிற்சிப் பாதையில ஓட்டறேன்," என்றாள் அவள். "காலியா இருக்கும்."

டிப்போவின் பின்னால் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வட்டப்பாதை இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒன்றேகால் கிலோமீட்டர் நேர்ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் காரை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஓய்வில் இருந்த டிரைவர்கள் ஒன்பது பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நேரக்காப்பாளர் சீருடையோடு வந்திருந்தார். ஆய்வாளரின் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடும் மனிதர், ஆனால் உறவு வேறு, நடைமுறை வேறு என்பார். இந்த வளாகத்தில் டிரிப் ஷீட் இல்லாமல் ஒரு சைக்கிள்கூட நகரக் கூடாது என்று சொல்லி நோட்டைத் திறந்தார்.

"ரூட் நம்பர்?"

"சும்மா சுத்தறதுதான் அண்ணே."

"சுத்தறதுக்கும் நம்பர் வேணும் தங்கச்சி." யோசித்து, 'சிறப்பு' என்று எழுதினார். "பயணிகள்?"

எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையிலும் இரண்டு தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சோதனை ஓட்டத்துல ஆய்வாளர் உள்ளே இருக்கக் கூடாது," என்றார்.

"பயணிகள் இல்லை," என்று எழுதி நேரக்காப்பாளர் விசில் ஊதினார். மணி பத்து பத்து.

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பி, ஐம்பதில் போனது. வளைவுக்கு வளைவு கை காட்டும் விளக்கைப் போட்டுத் திரும்பியது. நேர்ரோட்டிலும் ஐம்பது. பயிற்சிக்காக நட்டிருந்த போலி பஸ் நிறுத்தத்தில் நின்று, யாரும் ஏறவில்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்பியது. இரண்டாவது சுற்றும் இப்படியே. மூன்றாவது சுற்றில் அந்த நிறுத்தத்தில் கார் நின்றபோது, பாதை கூட்டும் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்து, தாண்டி வெளியே போனது.

கண்ணாடியை இறக்கி அவள் கூப்பிட்டாள். முகமெல்லாம் வேர்வை. "கால் போக மாட்டேங்குதுங்க! பாதியில நின்னுடுது!"

ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டே முக்கால் கிலோமீட்டர் என்று ஆய்வாளரின் மனம் கணக்குப் போட்டது. முப்பதில் எட்டு ஏற்கெனவே போச்சு. இப்படியே பஸ் ஓட்டிப் பேரிங்கைத் தீர்த்துவிடுவாளே! தீயணைப்பு உருளைகளைக் கீழே போட்டுவிட்டு, வாழ்நாளில் வேகமாக நடந்துகூட அறியாத மனிதர், பாதையோரமாக ஓடினார்.

"அழுத்தும்மா!" என்று கத்தினார். "முழுசா அழுத்து! நான் சொல்றேன், அழுத்து!"

அவள் அழுத்தினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒன்பது டிரைவர்களும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். மஞ்சள் கார் நேர்ரோட்டின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆய்வாளர் மூச்சு விட்டார். வளைவில் அடங்கித் திரும்பி மறுபடியும் வந்தது, அவரைத் தாண்டும்போது சட்டை படபடத்தது. திறந்த கண்ணாடி வழியாக அவள் கூவுவது கேட்டது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிக் கூவி அவர் கேட்டதில்லை. நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில், சரியாக அவர் கண்ணெதிரே, வாளி நிறைய ஆணியை மாடியிலிருந்து கொட்டியது போல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூட அலையாமல், நேர்கோட்டில், மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஓரமாகப் போய் நின்றது. ஆய்வாளர் விழுந்தடித்து ஓடினார். அவள் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் கலைந்து கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தி எண்பத்தாறுங்க," என்றாள்.

ஆய்வாளருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியும்மா. போன சனிக்கிழமையே தெரியும். தினம் நிக்க வச்சு உறும விட்டு நான்தான் அதைக் கொன்னேன். தெரிஞ்சுதான் குறை இல்லைன்னு எழுதினேன்."

"எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"என்னது?"

"பத்தொன்பது வருஷம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குக் கேக்காதா? சொல்லலாம்னுதான் இன்னொரு நாளும் நின்னேன். நீங்க அது மேல கையை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. மனசு வரலை. சரி, இதுவும் நமக்கு இல்லைன்னு விட்டுட்டேன்." அவள் ஸ்டீயரிங்கைத் தடவினாள். "அன்னிக்கு அந்தத் தாளைக் குடுத்தீங்க பாருங்க. நீங்க பொய் எழுதியிருக்கீங்கன்னு படிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. எனக்காகவா எழுதினீங்கன்னு அப்படியே திகைச்சுப் போயிட்டேன்."

நேரக்காப்பாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, நோட்டில் 'வழியில் பழுது' என்று எழுதி நேரம் குறித்தார். அவள் கதவைத் திறக்கப் போனதும் கையை நீட்டித் தடுத்தார். டிப்போ விதிப்படி, பழுதான வண்டியை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது. மற்ற டிரைவர்கள்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒன்பது பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். அந்தச் சின்னக் காரின் பின்புறத்தில் ஒன்பது பேருக்கு இடம் இல்லை. நான்கு பேர் காரைத் தள்ள, ஐந்து பேர் அந்த நான்கு பேரைத் தள்ளுவதாக ஏற்பாடு.

"நீங்க ஏறுங்க," என்றாள் அவள்.

ஆய்வாளர் தயங்கினார். பித்தளைத் தகட்டைப் பார்க்கவில்லை. குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, எப்படியோ உள்ளே புகுந்து உட்கார்ந்தார். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி அவ்வளவு தாழ்வாக இருந்தது. அவர் அந்தக் காருக்குள் உட்கார்ந்து நகர்வது அதுதான் முதல் முறை. நேரக்காப்பாளர் 'பயணிகள் ஒன்று' என்று திருத்தி எழுதி விசில் ஊதினார். கார் நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. பாதையோரத்துப் புல் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது.

அவள் கனத்துக் கிடந்த ஸ்டீயரிங்கை அலட்சியமாகப் பிடித்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பயமா இருக்கா?"

ஆய்வாளர் சன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்தார். காற்று என்று சொல்லும்படி எதுவும் படவில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளச் சொல்லு," என்றார்.